தோட்டத்துக்கு வெளியே ஒரு விலாசம்

எங்கள் தோட்டத்து எட்வர்ட் குற்றமில்லை என்று விடுதலையான அன்றைக்கே எங்கள் வக்கீல் கஜரூபன் சொல்லிவிட்டார், இனி என் வீட்டுக்காரருக்கும் பிணை கிடைக்கும் என்று. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடந்த அடிதடியில் கணக்கப்பிள்ளையின் கை முறிந்தது. எட்வர்ட், என் வீட்டுக்காரர் ஜீவராஜ் இரண்டு பேர் மேலும் ஒரே குற்றச்சாட்டு, அதே சாட்சிகள். என் மனிதர் மட்டும் பயந்து கொழும்புக்கு ஓடி, பிடிபட்டு, பதினாறு மாதமாக மறியல் சிறையில் கிடந்தார். ஓடாமல் இருந்திருந்தால் அவரும் எட்வர்ட்டோடு வீட்டுக்கு வந்திருப்பார். புத்தி கெட்ட மனிதர்.

பிணையும் கிடைத்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"ஒரு நிபந்தனை இருக்கு அம்மா," என்றார் வக்கீல். "வழக்கு முடியும்வரைக்கும் அவர் தோட்டத்துக்குள்ள கால் வைக்கேலாது. சாட்சிகள் அங்கதான் இருக்கினம். வெளியில ஒரு விலாசம் தாங்கோ."

அவருக்கென்ன, சுலபமாகக் கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரரின் சொந்தமெல்லாம் இந்த நமுனுகுல தோட்டத்து லயத்து வீடுகளோடு சரி. என் பிறந்த வீடு மீரியபெத்தையில் இருந்தது. மண் சரிந்த அன்று வீட்டோடு ஆட்களும் போனார்கள்.

பதுளையில் தன் மாமனார் வீட்டில் இருந்த எட்வர்ட்டிடம் அந்த விலாசத்தைக் கேட்டுப் போய் நின்றேன்.

"நான் தப்பிச்சதே பெரும் பாடு அக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா பொலிஸ் சும்மா விடுமா?" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று அழுகை வந்தது.

மறியலில் ஜீவராஜ் முகம் மழித்து, தலை வாரி நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவரிடம் ஒரு வழி இருந்தது.

"வெலிமடைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துல, குடும்பமா வேலைக்கு வந்தா வீடு குடுக்குறாங்களாம். நம்ம மக டிலானியும் சேர்ந்து வேலை செய்யணும். நாளைக்கே தோட்டத்து வேலையில பேரை வெட்டிட்டு வந்துரு அகஸ்டினா."

பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா அறையையும் விட வேண்டும். திரும்பக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? டிலானிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் சாதாரண தரப் பொதுப் பரீட்சை. எங்கள் லயத்தில் இந்த முறை அதை எழுதப் போகிறவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லீக்ஸ் பிடுங்கவா அவளைப் பெற்றேன்?

"புள்ளை படிக்கட்டும்," என்றேன். "நீங்க உள்ளயே இருங்க."

சொன்ன வாயை அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கம்பியைப் பிடித்திருந்தவர், சரி என்று தலையை ஆட்டினார். பிறகு காவலரைப் பார்த்து, இனி வேண்டியிருக்காது என்று காலையில் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்ட போர்வையைத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.