வெளியே தெரியாத மாடல்

கடைக்காரப் பெண் காது கேட்கிற மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டதும் பாண்டிமீனா முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். வளையல் குலுங்கியது. மறுபடி குலுக்கினாள்.

"ஏங்க, சத்தம் போடுது!"

சிவக்குமார் அவள் சிரித்ததைப் பார்க்கவில்லை. காதுமடலின் பின்னால் அவித்த மொச்சை மாதிரி உட்கார்ந்திருந்ததையும், அதிலிருந்து காதுக்குள் இறங்கிய குழாயையும் பார்த்தான்.

"இதவிடச் சின்னதா, வெளிய தெரியாத மாதிரி இல்லையா?"

"இவங்களுக்கு உள்ள வைக்கிறது பத்தாது சார். அடுத்த வருசம் புது மாடல் வருதுன்னு சொல்றாங்க."

"அப்ப அது வரட்டும். அவசரப்பட்டு வாங்கிட்டு அப்பறம் வருத்தப்படக் கூடாதுல்ல."

கப்பலூர் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் சட்டைப்பையில்தான் இருந்தது. பாண்டிமீனா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அது தை மாதம். வைகாசியில் அவன் தங்கை இசைவாணியின் மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்காரவேண்டும். அவன் மனைவி தோடு வைத்த தட்டோடு பக்கத்தில் நிற்கவேண்டும்.

"தோட்ட எடும்மா" என்றார் ஆசாரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பாண்டிமீனா பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, ஒன்னயத்தான!"

எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், பதறிப்போய்த் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

இசைவாணியின் புருசன் தமிழ்மாறன் சும்மா இருக்கமாட்டான். "ஆசாரி, அதே ஊசிய வச்சு எங்க அக்கா காதையும் ஒரு குத்து குத்துங்க. அடைப்பு எடுபடுதான்னு பாப்போம்!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பாண்டிமீனா முகம் முகமாகப் பார்த்தாள். பிறகு, எல்லோருக்கும் பிந்தி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் தானும் சிரித்துக்கொண்டிருப்பது சிவக்குமாருக்குத் தெரிந்தது. மடியில் பிள்ளை வீறிட்டது.

அவன் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் ரோடு தெரியாது. பின்னால் உட்கார்ந்து வருகிற பாண்டிமீனாவுக்கு அவன் வாய் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். எந்த விசேஷத்துக்குப் போய்த் திரும்பினாலும், யார் யார் என்ன பேசினார்கள் என்று வழியெல்லாம் கேட்பாள். அவனும் சொல்லிக்கொண்டே வருவான்.

"தமிழு என்னமோ சொன்னாருல்ல? அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. என்னங்க அது?"

வண்டியூர் தெப்பக்குளம் வந்ததும் அவன் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்கே போயி அந்த மெஷின வாங்கிருவோம்."

"எதுக்கு? புதுசு வரட்டும்" என்றாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது குரல். "வெளிய தெரிஞ்சா ஒங்களுக்குத்தான கூச்சமா இருக்கும்."

அன்று கடையில், வளையலுக்கு அடுத்தபடியாக அவள் தெளிவாகக் கேட்டது எதை என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அத விடுங்க. தமிழு என்ன சொன்னாரு? சொல்லுங்க."

சின்னக் கண்ணாடிக்குள், குங்குமம் கலைந்த நெற்றிக்குக் கீழே, அவள் கண்கள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன, சிரிக்கத் தயாராக.