அவருக்கென்று விட்ட பட்டாணி

ஊர்விட்டு ஊர் போய் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்குக் கிளம்புகிற மனுஷன், கிளம்புகிற நாளிலா பட்டாணி ஊன்றுவார்? என் வீட்டுக்காரர் ஜீவானந்தம் ஊன்றினார். புழக்கடைத் தோட்டத்து மண் விரலில் ஒட்டியிருக்க, மலையிறங்கும் மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறினார்.

"முதல் காய்க்கு வந்துருவேன் புஷ்பா. பொங்கலுக்கு நான் இங்கதான்."

நானும் நம்பினேன், கூறுகெட்டவள்.

காபிச் செடியில் கவாத்து செய்த குச்சிகளைப் பட்டாணி படர நானே நட்டேன். கொடி பிடித்துக்கொண்டு ஆள் உயரம் ஏறியது. மார்கழிப் பனியில் வெள்ளையாகப் பூத்துக் காயும் தொங்கியது. நான் ஒன்றையும் தொடவில்லை. போன வருஷம் முதல் காயைப் பிளந்து, பாதியை என் வாயில் போட்டுவிட்டுத்தான் அவர் தின்றார். அதை நான் மட்டும் எப்படித் தின்பது?

பொங்கலுக்குப் போன்தான் வந்தது. "சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஓனர் விடமாட்டேங்கறாரு. மாசிக் கடைசியில வந்தர்றேன்."

"ஏனுங்க, பட்டாணி அதுவரைக்கும் உங்களுக்காகக் காத்துட்டு நிக்குமாக்கும்?" என்று கத்திவிட்டு வைத்தேன். அப்போதும் பறிக்கவில்லை.

பத்து நாளில் பூ நின்றது. அடி இலை மஞ்சளானது. சாணி கரைத்து ஊற்றியும் பலனில்லை. அவருக்கே ஏதோ ஆகிவிட்டது போலப் பயந்துபோனேன்.

பக்கத்து வீட்டு தேவகுமாரி வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள்.

"மலைக்குக் கீழ இருந்து வந்த குப்பனூர்க்காரிக்குக் கடைப் பட்டாணிதான தெரியும்! ஏண்டி, புருசனுக்குன்னு வச்சு வச்சே கொடியக் கொன்னுபோடுவயாட்ட இருக்குது. பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். முத்த விட்டீன்னா, வந்த வேல முடிஞ்சுதுன்னு காஞ்சு போயிரும்."

கொடி முன்னால் நொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முதல் காயைப் பிளந்தேன். உள்ளே எட்டுப் பட்டாணி, முற்றி மாவாக இருந்தன. அழுதுகொண்டே, அவரைத் திட்டிக்கொண்டே எட்டையும் தின்றேன். மீதியைப் பறித்துக் குருமா வைத்தேன். தேவகுமாரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் நுனியில் இரண்டு பூ.

மாசி பாதியில் போன் செய்தார். "எனக்கு முதல் காய் வச்சிருக்கறயா புஷ்பா?"

"வெக்கலீங்க. பூராத்தையும் நானே தின்னுபோட்டேன். இன்னிக்குங்கூடப் பறிச்சேன்."

போனைக் காதில் வைத்தபடியே கொடிப் பக்கம் நடந்தேன்.

"தின்னதுனாலதான் கொடி இன்னும் பூக்குதுங்க. எத்தன நாளைக்கு நான் தனியாத் தின்னுட்டே இருக்கறது? வந்துருங்க."