பத்து மணி ஜன்னல்

ஹாயோ காலுறையோடு என் கட்டிலின் மேல் ஏறி நின்று, ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டினார். ஒட்டியபின் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு வாய்க்குள் முப்பது வரை எண்ணினார். பசை பிடிக்க அவ்வளவு நேரம் ஆகுமாம். நான் வாசற்காலில் சாய்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமையான முதுகு. பொறுமைசாலிகளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

"ஜன்னலத் திறந்தா அதுக்குக் கீழ இருக்கிற ஹீட்டர் தானா அணைஞ்சிரும். சாத்தினா மறுபடி சூடாகும். அவ்ளோதான்," என்றார்.

"அவ்ளோதானா?"

"பாட்டெல்லாம் பாடாது."

பெட்டிக்குள் ஒரு பச்சை வெளிச்சம் மினுங்கி அணைந்தது. கண்ணைத் திறந்து மூடியது போல இருந்தது.

ஒட்டுவதற்கு முன் என்னிடம் கேட்கத்தான் செய்தார். "உன் ரூமுக்கு வேணுமா வேணாமா, நீயே சொல்லு" என்றார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் கிடையாது. அதனால் "உங்க இஷ்டம்" என்றேன். பேரைச் சொல்லியே கூப்பிடு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் எதையும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்துவந்தேன். அவர் இருக்கும் அறைக்குள் போய் நின்றால் அவரே திரும்பிப் பார்ப்பார்.

கால்வாயை ஒட்டிய இந்தச் செங்கல் வீட்டுக்கு அம்மா, அம்மாவோடு சேர்ந்து வாழ வந்த ஹாயோ, நான் என்று மூன்று பேரும் வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் பாத்திரங்கள் பாதி இன்னும் பெட்டிகளில் இருந்தன. ஹாயோவின் பெட்டிகளில் முதலில் பிரிக்கப்பட்டவை இந்த வெள்ளைச் சாமான்கள்தாம். ஜன்னலுக்கு ஒன்று, ஹீட்டர் குமிழுக்கு ஒன்று, படிக்கட்டு விளக்குக்கு ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேசியதையெல்லாம் சமையலறைச் சுவரில் மாட்டிய டேப்லெட்டில் எழுதிவைக்கும். அம்மா அதைப் பார்த்து, "இனிமே இந்த வீட்ல தும்மினாகூட மூணு பேருக்கு நியூஸ் போயிரும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாயோவுக்கு முன்னால் அம்மாவோடு இருந்தவர் அவள் குளிக்கப் போனதும் அவள் செல்போனை எடுத்துப் பார்ப்பார். அவரும் கெட்டவர் போல இருக்கமாட்டார். வாசலுக்கு உப்புப் போட்டு ஐஸ் உருக்குவார், என் சைக்கிளுக்குக் காற்றடிப்பார்.

ஹாயோ நீர் வாரியத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கம் நிலம் கடலைவிடத் தாழ்வு. வாய்க்கால்களில் சேரும் தண்ணீரை இருபத்திநாலு மணி நேரமும் பம்ப் போட்டு வெளியே தள்ளாவிட்டால் மாடு மேயும் இடமெல்லாம் குளமாகிவிடும். எந்த பம்ப் ஓடுகிறது, எது நின்றது என்று அவர் செல்போனுக்கு வந்துகொண்டே இருக்கும். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரை அளப்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் என்னென்ன அளப்பார் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நான் யோசிக்கக் காரணம் இருந்தது. பிப்ரவரி மாதத்திலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

எங்கள் பள்ளியில் வாயைத் திறந்து பேசுவதற்குத்தான் பாதி மதிப்பெண். எழுத்துத் தேர்வில் என்ன வாங்கினாலும், வகுப்பில் கை தூக்காதவளுக்கு மீதிப் பாதி போய்விடும். எனக்குக் கை எழும்பாது. எழும்பினாலும் குரல் வராது. ஒருநாள் வரலாற்று ஆசிரியர், "ஃபென்யா, நீ வந்திருக்கியா, இல்ல உன் ஜாக்கெட்ட மட்டும் அனுப்பி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் காலை சைக்கிள் பள்ளி வாசலில் நிற்காமல் நேராகப் போனது. பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் விலகல் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட முடிந்தது; பதிலும் என் பேருக்கே வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருஷமாக உருளைக்கிழங்கு உரிப்பவள். நான் அடுத்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிறேன் என்பதை அங்கே படுக்கையில் கிடப்பவர்களிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று அவள் முதலில் கேட்டதே, "இங்கேருந்து ஸ்கூலுக்கு சைக்கிள்ல எவ்ளோ நேரம்?" என்பதுதான்.

காலை ஏழேகாலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பழைய பால் பண்ணைக்குப் பின்னால் நிற்பேன். ஹாயோவின் வண்டி போகும், பிறகு அம்மாவின் சைக்கிள் போகும். எட்டேகாலுக்கு வீட்டுக்குத் திரும்பி, மாடி ஏறி, கதவைச் சாத்திக்கொள்வேன். வெள்ளைப் பெட்டிகள் வந்த பிறகு இன்னும் கவனமாக இருந்தேன். ஹீட்டரைத் தொடமாட்டேன், கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். விளக்குப் போடமாட்டேன். தண்ணீர்கூடக் குழாயில் பிடிக்காமல் பையிலிருந்த பாட்டிலிலிருந்துதான் குடிப்பேன். கதவுகளுக்கான சென்சார் இன்னும் வந்து சேரவில்லை என்று ஹாயோ சாப்பாட்டு மேசையில் சொன்னதை நான் மனதில் குறித்துவைத்திருந்தேன். மதியம் ஒன்றரைக்கு வெளியேறுவேன். இரண்டு மணிக்கு அம்மா வருவாள். மூன்று மணிக்கு நான் களைத்த முகத்தோடு உள்ளே நுழைவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாயோ டேப்லெட்டைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, ஒரு வாரக் கணக்கை அம்மாவுக்குக் காட்டினார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வரி. ஜன்னல் திறந்திருந்த நேரம் நீலக் கோடாக விழுந்திருந்தது. குளியலறை, சமையலறை, அவர்கள் அறை என்று எல்லாவற்றிலும் காலை ஆறரைக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று.

நான்காவது வரி என்னுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணிக்கு, மெல்லிய நீலக் கோடு. ஒருநாள் 10:02. ஒருநாள் 9:58. ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம்.

என் கைகளைப் பார்த்தேன். அவற்றின் வேலைதான் அது. அறை புழுங்கினால் ஜன்னலை அகலத் திறந்து, சுவரில் பூஞ்சை பிடிக்காமல் காற்றாட விட்டு, சாத்துவது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மா பழக்கியது. வாடகை ஒப்பந்தங்களில்கூட எழுதியிருப்பார்கள். விளக்கு, ஹீட்டர், குழாய் என்று எல்லாவற்றுக்கும் பயந்த நான், தினமும் பத்து மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து, இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திறந்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். "இதென்ன கோடு? அந்த நேரத்துல வீட்ல யாரு இருக்கா?"

ஹாயோ ரொட்டியை மென்று விழுங்கினார். "அது ஒட்டினது சரியில்ல ஸில்கே. காத்தடிச்சா சட்டம் ஆடுது. சென்சார் ஏமாந்துபோகுது."

"டெய்லி பத்து மணிக்கா காத்தடிக்குது?"

"கடல் காத்து. அதுக்கும் ஆபீஸ் டைம் இருக்குல்ல."

அம்மா அவர் தோளில் ஓர் அடி போட்டாள். "பெரிய இன்ஜினியரு. முட்டையச் சாப்பிடு, ஆறுது."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. முப்பது விநாடி எண்ணி ஒட்டிய பெட்டி ஆடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவிடம் அவ்வளவு வழவழப்பாகப் பொய் சொல்ல வருகிறதே இவருக்கு. எனக்காக ஒன்று சொன்னவர் தனக்காக எத்தனை சொல்லியிருப்பார்? சொல்லிவிட்டு அதை எங்கே பத்திரப்படுத்தி வைப்பார், என்றைக்கு எடுத்து நீட்டுவார்?

திங்கட்கிழமை அதைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்து, கீழே ஓடி, டேப்லெட்டைப் பார்த்தேன். அதில் மூன்று வரிகள்தான் இருந்தன. என் வரியையே காணவில்லை. மாடிக்குத் திரும்பி ஜன்னலைச் சாத்தினேன். பெட்டிக்குள் பச்சை வெளிச்சம் மினுங்கியது. அப்படியென்றால் அது இன்னும் யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மா பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அவருடைய செல்போனில் மட்டும் இருக்கிறது. கால்வாய்களோடும் பம்புகளோடும் சேர்த்து என்னையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

செவ்வாய்க்கிழமை நான் ஜன்னலைத் தொடவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமையும் தொடவில்லை. காலையிலிருந்து மழை. மூடிய அறையில் என் மூச்சே கண்ணாடியில் நீராக இறங்கிக்கொண்டிருந்தது.

பத்தே முக்கால் இருக்கும். சரளைக் கல்லில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. வாசல் கதவை யாரோ வேகமாகத் திறந்தார்கள். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறும் பூட்ஸ் சத்தம். என் கதவுக்கு வெளியே அது நின்றது.

நான் மூச்சை அடக்கினேன். கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அவர் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சிரைப்பது மட்டும் கேட்டது. கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தேன், பலகை கிறீச்சிட்டது. மூச்சிரைப்பு நின்றது. பிறகு பூட்ஸ் மெதுவாக, ஒவ்வொரு படியாக, கீழே இறங்கிப் போனது.

சமையலறையில் கெட்டிலை அடுப்பில் வைக்கும் சத்தம், வேண்டுமென்றே பெரிதாக.

"டீ போட்டிருக்கேன். வந்தா வா, வராட்டி நானே குடிச்சிருவேன்."

போனேன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முட்டிவரை வாய்க்கால் சேறு. கோப்பைகளில் கற்கண்டு போட்டு, டீயை ஊற்றி, கிரீமை ஓரமாக விட்டார். கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்கு அம்மாகிட்ட பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"முட்டை ஆறிட்டிருந்துச்சு," என்றார். பிறகு, "ஒளிஞ்சிருக்கிறவ எவளாவது ஜன்னலத் திறந்து காத்தாட விடுவாளா? நானும் எத்தனையோ பம்ப் ரிப்பேர் பாத்துட்டேன், இப்பிடி ஒரு ஆள நான் பாத்ததில்ல."

நான் சிரிக்கவில்லை. "என் ஜன்னல மட்டும் உங்க போன்ல எதுக்கு வெச்சிருக்கீங்க?"

முதல் கோப்பையைக் குடித்து முடித்தார். இரண்டாவதை ஊற்றினார்.

"பம்ப் கெட்டுப்போனா அலாரம் அடிக்கும். அதுக்கு நான் பயப்படறதில்ல. சில நேரம் ஒரு பம்ப் ஸ்டேஷன்லேருந்து சத்தமே வராது. நல்லதும் வராது, கெட்டதும் வராது. அப்பதான் வண்டி எடுத்துக்கிட்டுப் போவேன்." கோப்பையைத் தட்டில் திருப்பித் திருப்பி வைத்தார். "நேத்து பத்து மணிக்கு ஒண்ணும் வரல. சரி, நீ ஸ்கூலுக்குப் போயிட்டன்னு நெனச்சேன். சாயங்காலம் உன் மூஞ்சியப் பாத்தேன். போகலன்னு தெரிஞ்சிது. இன்னிக்கும் வரல."

மழை ஜன்னலில் அடித்தது. இதை நம்பலாம்போல இருந்தது. நம்பலாம்போல இருப்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. முந்தையவரும் அக்கறை என்றுதான் சொல்வார்.

"அம்மாகிட்ட சொல்லிருவீங்களா?"

"மாட்டேன். ஆனா அவ மறுபடி கேட்டா, ரெண்டாவது பொய் என்கிட்ட இல்ல." மழைக்கோட்டிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "கதவுக்கு உண்டானது வந்திருச்சு. சனிக்கிழம மாட்டுறதா அவகிட்ட சொல்லிட்டேன். நாங்க வேலைக்குப் போனப்புறம் கதவு திறந்தா இந்தச் சுவத்துல வரும். அத நான் மறைக்கமாட்டேன்."

"இது மிரட்டலா?"

"தேதி," என்றார்.

மூன்றாவது கோப்பைக்கு முன்னால் எழுந்தால் எங்கள் பக்கம் அது முகத்தில் அடித்த மாதிரி. வாரியத்திலிருந்து இரண்டு தடவை அவர் போன் அதிர்ந்தும் அவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதையும் ஊற்றிக் குடித்தார். நானும் குடித்தேன். கிளம்பும்போது "மோயின்" என்றார்; எங்கள் பக்கம் வந்தாலும் போனாலும் எந்த வேளைக்கும் அதுதான் வணக்கம். வண்டி கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்வரை சமையலறையிலேயே நின்றேன்.

பிறகும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை ஆனது. நான் வெளியேறியிருக்க வேண்டும். படிக்கட்டைப் பார்த்ததும் துடைக்கும் துணியும் வாளியும் எடுக்கப் போனேன். கீழ்ப்படியிலிருந்து மேல்வரை பூட்ஸ் சேறு. ஏறிய தடங்கள் பாதிப் பாதிதான், முன்பாதம் மட்டும். இறங்கிய தடங்கள் முழுசாக இருந்தன. ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு ஏறினேன். வாளித் தண்ணீர் பழுப்பானது.

மேலே, என் கதவுக்கு முன்னால், இரண்டு பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. பூட்ஸ் முனைகள் கதவை நோக்கி இருந்தன. மழைக்கோட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவற்றைச் சுற்றித் தேங்கி, பலகை இடுக்கு வழியாகக் கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. அவ்வளவு தண்ணீர் சொட்ட ஓர் ஆள் எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் உள்ளே மூச்சை அடக்கிய நேரத்தைவிட அது அதிகமாக வந்தது.

கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். அம்மா காலணியைத் தட்டி மண் உதிர்க்கிறாள். பூட்டில் சாவி திரும்புகிறது.

நான் அறைக்குள் போகாமல் மேல்படியிலேயே குந்தியிருந்தேன். கையில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. பாதத் தடங்களின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. நடுவில் மட்டும் ஈரம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.