வெளியே கேட்காத பாட்டு

ஜெயசீலி மாமனாரின் தலையிலிருந்து ஹெட்போனைத் தூக்கியபோது அதோடு வர வேண்டிய ஒயர் வரவில்லை. பிணத்தின் தோளிலேயே கிடந்தது. குளிப்பாட்ட வந்த ஆண்கள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் காத்திருந்தார்கள். "சீக்கிரம் வா அண்ணி, ஒடம்பு வெறைச்சிடும்" என்றாள் நாத்தனார் அந்தோணி மேரி. ஜெயசீலி ஒயரையும் ஹெட்போனையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போதுதான் பிய்ந்தது, நான் தூக்கிய இழுப்பில்தான் பிய்ந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இதற்கு முன்பே பிய்ந்திருந்தால் அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

செத்துப்போன மரியசுந்தரம் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷனோடு வில்லியனூர்ப் பக்கம் வந்து குந்தியவர். பிரான்சிலேயே தங்கிவிட்ட மூத்த மகன் அல்போன்ஸ் போன கோடையில் லீவுக்கு வந்தபோது ஒரு டேப்ரிக்கார்டரும் இந்த ஹெட்போனும் கொண்டுவந்தான். அந்த ஊரிலேயே பெரிய மனிதர்கள்தான் இதையெல்லாம் மாட்டுவார்கள் என்று அவன் சொன்னதில் கிழவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கூடவே கேசட் கேசட்டாக அக்கார்டியன் பாட்டு. கார்த்திகையில் வாதம் வந்து வலக்கையும் வாயும் விழுந்தபிறகு அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். பேச்சு போனதே தவிர புத்தி அப்படியே இருந்தது.

ஆனால் படுத்தபடி மாட்டினால் காது நசுங்கியது. காதில் படும் பிளாஸ்டிக் மெத்தை வியர்த்து, காது மடலில் புண் வந்தது. ஜெயசீலிதான் அதைக் கையில் எடுத்தாள். அவள் புருஷன் தனிஸ்லாஸ் வில்லியனூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தே அவளும் ஈயம் பற்றவைக்கப் பழகியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவனைவிட அவளுக்குத்தான் கை சுத்தம்.

முதலில் மல் துணியில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்தாள். காதுக்குச் சுகம், பாட்டுக்கு நாசம்; தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி கேட்டது. அடுத்து சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்தாள். கனத்த சத்தமெல்லாம் இறங்கி வந்தது, ஆனால் புண்ணும் திரும்பி வந்தது. கடைசியில் செருப்புக் கடையில் மெல்லிய உள்தோல் வாங்கி, பஞ்சை இறுக்கி அடைத்து, காதைத் தொடாமல் காதைச் சுற்றி எலும்பில் உட்காருகிற மாதிரி உயரமாக வளையம் தைத்தாள். ஹெட்போன் கிண்ணத்துக்குள் எதிரொலி அடங்குவதற்காக மாமனாரின் பட்டாளத்துக் கம்பளியில் ஒரு துண்டு வெட்டித் திணித்தாள். உள்ளே ஒயரில் ஒரு முடிச்சு இருந்தது. யாராவது இழுத்தால் ஈயப் பற்று விட்டுவிடாமல் இருக்கப் போட்ட முடிச்சு. கம்பளிக்கு இடம் போதவில்லை என்று அதை அவிழ்த்துவிட்டாள்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று காலையில் வேலை முடிந்தது. தானே மாட்டிக் கேட்டாள். அக்கார்டியன்காரன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. அப்புறம் அவர் தலையில் மாட்டி, தலையைத் திருப்பி, தலையணையைச் சரி செய்தாள். முன்பெல்லாம் அவர் மாட்டியிருந்தால் பாட்டு வெளியே கொசு மாதிரி கசியும். அன்று கிட்டே போய்க் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. டேப்ரிக்கார்டரில் ஹெட்போன் பின்னைச் செருகிவிட்டால் அதன் சொந்த ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். கேசட் சுற்றியது, அறை அமைதியாக இருந்தது. என் கைவேலை என்று பக்கத்து வீட்டுத் தையலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சாயங்காலம் அவர் இடக்கையால் கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். சத்தம் போதவில்லையாக்கும் என்று அவள் திருகிவிட்டாள். மறுபடியும் தட்டினார். முழுசாகத் திருகிவிட்டாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவரே ஹெட்போனைக் கைகாட்டிக் கேட்டார். இது ஒன்றை நினைத்துத்தான் ஜெயசீலி இப்போதும் மனதைத் தேற்றிக்கொண்டாள். பாட்டு வராத ஒன்றை யார் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார்கள்?

ஆனால் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் தலையில் அது இல்லாதபோது அந்த அறையில் யாரும் வாயைத் திறந்ததில்லை. எட்டிப் பார்த்துவிட்டு நழுவிவிடுவார்கள். அது தலையில் ஏறிவிட்டால் எல்லோரும் உள்ளே வந்து குந்திக்கொண்டு ஊர்ப்பட்ட கதை பேசினார்கள். வியாழக்கிழமை அரியூர் ஆசாரி வீரப்பன் வந்து, கண் மூடிக் கிடந்தவரின் பக்கத்தில் கயிறு பிடித்துச் சவப்பெட்டிக்கு அளவெடுத்தான். "இன்னாபா, காலு இம்மா நீளமா கீது" என்று அவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை. அவள் புதுத் தலையணையைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தையலம்மாள் வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

"மவளாட்டம் பாக்கற ஜெயா. பாட்டு வேற போட்டு வுடற."

"பாசத்துலயா போட்டு வுடறேன்? பாட்டு கேட்டுகினு கெடந்தா என்னிய கூப்புட மாட்டாருக்கா. பீயும் மூத்தரமும் வாரி வாரி கை ஓஞ்சி போச்சி. ஒரு நாளு பாரு, இந்தத் தலகாணிய மூஞ்சி மேல வெச்சி ஏறிக் குந்திக்கப் போறேன்."

தையலம்மாள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையணையோடு அவர்மேல் குனிந்தாள். அவருடைய இடக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, பிடித்து நடுங்கியது. "வலிப்பு வந்துடுச்சி" என்று அவள்தான் கத்தினாள்.

அன்றிலிருந்து அவள் ஊட்டிய கஞ்சிக்கு அவர் பல்லைத் திறக்கவில்லை. ஸ்பூன் பல்லில் பட்டுப் பட்டு ஒலித்ததுதான் மிச்சம். ஏழு நாள். நேற்று அரியாங்குப்பத்திலிருந்து வந்த மேரி ஊட்டியதும் அரை டம்ளர் குடித்தார். "மவ கைன்னா தனிதான்" என்று மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை நாள் பார்த்த எனக்கு இதுதானா என்று அப்போது ஜெயசீலிக்குக் கோபம் வந்தது. இன்று காலை எட்டு மணிக்கு உயிர் போயிற்று.

சமையற்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒயரின் முனையைத் திருப்பினாள். இன்றைக்கு அறுந்த செம்பு பளபளவென்று இருக்கும். அது அவளுக்குத் தெரியும், எத்தனை ரேடியோவில் பார்த்திருக்கிறாள். இந்த முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இத்தனை நாள் வியர்வை இறங்கிய களிம்பு. உள்ளே திணித்த கம்பளிதான் ஒயரை வெளியே விழாமல் பிடித்துவைத்திருந்தது.

களிம்பு எத்தனை நாள் என்று சொல்லாது. அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம்கூட அறுந்திருக்கலாம் அல்லவா? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். தனிஸ்லாஸ் வீரப்பனோடு பெட்டிக்குக் கறுப்புத் துணி அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, இது எப்பத்துலேந்து பாடல, தெரியுமா ஒங்களுக்கு?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுவா? சாம்பல் புதனே போச்சி. அன்னிக்கு ராவு கழட்டி வெக்கும்போது மாட்டிப் பாத்தேன். ஒண்ணுமே வரல."

"எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் பிரிச்சிப் போட்டுகினு குந்துவ. அவரே கேட்டு வாங்கி மாட்டிக்கிறாரு, கெடக்கட்டும்னு உட்டுட்டேன்."

"பொட்டிக்கு அளவெடுத்தப்ப, அப்ப அவருக்கு..."

"கேட்டா கேக்கட்டுமே. பட்டாளத்துல பாக்காத சாவா?" ஆணியை வாயிலிருந்து எடுத்தவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏன், நீ எதனா சொல்லி வெச்சியா?"

"இல்ல" என்றாள்.

நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பெட்டியில் கோட்டு போட்டு, கழுத்தில் பட்டாளத்து மெடலோடு கிடத்தியிருந்தார்கள். வாய் கோணல் தெரியாமல் தாடையைக் கட்டியிருந்தது. காதைச் சுற்றி அவள் தைத்த வளையத்தின் தடம் லேசாகப் பதிந்திருந்தது, ஒரு புண் இல்லை. வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மூக்கில் விரலை வைத்தார்கள்.

உபதேசியார் செபம் சொல்லி முடித்தார். மூடுமுன் சொந்தக்காரர்கள் நெற்றியில் கடைசி முத்தம் கொடுக்க வேண்டும். மகன்தான் முதலில் கொடுப்பது வழக்கம். தனிஸ்லாஸ் நகர்ந்து வந்தபோது மேரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணிதான் மொதல்ல. இத்தினி நாளு பாத்தது அண்ணிதானே. நம்ப யாரு பாத்தோம்?"

கூட்டம் வழி விட்டது. தையலம்மாள் அவளை முதுகில் தொட்டு முன்னே தள்ளினாள். ஜெயசீலி பெட்டியருகே போய் நின்றாள். அவர் கண்ணை யாரோ சரியாக மூடவில்லை. இமைக்குக் கீழே கீற்றாய் வெள்ளை தெரிந்தது.

"குனிம்மா, வெயிலு சாயுது" என்றான் வீரப்பன்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அன்று அவர் பிடித்த மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தடுமாறியது.

"பொட்டியப் புடிச்சிக்கோ ஜெயா, வுழுந்துடப் போற" என்றாள் தையலம்மாள்.

அவள் கையை முன்னால் கொண்டுவரவில்லை.