இரண்டு தடவை பேர் வைத்த மலை

நைஜர் ஆற்றில் கப்பலைத் திருப்பியது நான்தான். யார் கேட்டாலும் மறைக்கமாட்டேன். பயணத் தலைவர் பெல்டன் துரை கேட்டால் மட்டும் மறைப்பதாக இருந்தேன், ஏனென்றால் அதற்குத் தண்டனை தூக்கு.

வேறென்ன செய்ய? மற்ற நாலு வெள்ளைக்காரர்களையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் துரை ஒருத்தர், அவரும் படுத்த படுக்கை. வாய் மட்டும் படுக்கவில்லை. "மேல போ நிமெலி. ஆறு எங்க பொறக்குதுன்னு பாக்காம திரும்பறதில்ல" என்று என்னை விரட்டினார்.

எங்கள் க்ரூ இனத்தார் வாழும் கடற்கரையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கப்பல் வேலைக்குக் கூட்டி வந்தவன் நான். திரும்பினால் அவர்கள் அம்மாக்கள் கரையில் நின்று தலை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் நான் ஊருக்குள் கால் வைக்க முடியாது.

துரை மயங்கிக் கிடந்த ஒரு மத்தியானம் கப்பலைக் கடல் பக்கம் திருப்பினோம். மறுநாள் காலை வெயில் துரை அறையின் எதிர் ஜன்னலில் வந்து தொலைத்தது. சமையல்காரன் துக்பே ஓடிப்போய் ஈரத்துணியைத் தொங்கவிட்டான்.

"எதுக்குடா இது?"

"காய்ச்சலுக்குக் குளிர்ச்சி, தொரை."

மூன்றாம் நாள் துரை, "வெளிய என்ன தெரியுது?" என்றார்.

"மலை, தொரை. புதுசு" என்றேன்.

போகும்போது அதற்கு மாமனார் பேரை வைத்தவர், இப்போது பெண்டாட்டி பேரைப் பயணப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். துக்பே என்னிடம், "அண்ணே, இன்னும் ரெண்டு தடவ வந்தா குடும்பமே இங்க குடியேறிடும்" என்றான்.

பத்தாம் நாள் உப்புக்காற்று அடித்தது. அதை எந்தத் துணி போட்டு மூடுவது? துரை தட்டுத் தடுமாறி மேல்தளத்துக்கு வந்தார். கடலைப் பார்த்தார்.

"கயிறு கொண்டா."

கழுத்து வியர்த்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்தப் பயணப் புத்தகத்தை ஒரு இரும்புத் துண்டோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

"எனக்குக் காய்ச்சல்தான், கண்ணு அவிஞ்சு போகல. நீ திருப்பினத அன்னிக்கே இதுல எழுதிட்டேன், உன் பேரோட."

"அப்ப ஏன் தொரை சும்மா இருந்தீங்க?"

"சாகப் பயமா இருந்துச்சு."

முடிச்சை இறுக்கினார். பதினோரு மாச எழுத்து.

"அதுல உங்க மலை இருக்கே, தொரை."

"எந்த மலை?" என்று புத்தகத்தைத் தண்ணீரில் போட்டார்.

ஊர்க் கரையில் அம்மாக்கள் எண்ணினார்கள். பன்னிரண்டும் இருந்தது. என் அம்மா மட்டும், "எதுக்குடா கழுத்தைத் தடவிக்கிட்டே நிக்கற?" என்றாள்.