வரலாற்றில் ஓர் ஓட்டை

சந்தைக்கு நூறு வயது ஆகிறது என்று வியாபாரிகள் சங்கத் தலைவருக்குத் திடீரென்று தெரியவந்தது. சங்கத் தேர்தல் வருகிற வருஷங்களில் அவருக்கு இப்படிச் சில விஷயங்கள் தெரியவரும். உடனே ஒரு பேராசிரியரைப் பிடித்துவந்து சந்தையின் வரலாற்றை எழுதச் சொன்னார்.

பேராசிரியர் கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்தார். கறிக்கடைக் கொக்கியைத் தடவி உருகினார். கடைசியில் கிழங்குக் கடைக்கு நேர் மேலே, தகரக் கூரையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இருந்த ஓட்டையைப் பார்த்தவர், அப்படியே வாய் பிளந்து நின்றுவிட்டார்.

அந்த ஓட்டைக்குக் கீழேதான் கிழங்கு அக்கா பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். மழை வந்தால் மூட்டைகளை இழுத்துக்கொண்டு இடமும் வலமும் ஓடுவாள். தப்பித்த கிழங்கு முளைவிடும், தப்பிக்காதது அழுகும். இந்த மழைக்காலமும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். மருமகன் நல்லவர். அதுதான் பயம். நாள் பூராவும் நல்லதாகவே பேசிக்கொண்டிருப்பார்.

"பாத்தீங்களா சார்? நீங்களாவது சொல்லி அடைக்கச் சொல்லுங்க."

"அடைக்கிறதா? என்னம்மா நீங்க! இது வெறும் ஓட்டை இல்ல. சந்தையைக் கட்டினவர் யோசிச்சு வெச்ச வான்சாளரம்!"

"மழையையும் அவர்தான் யோசிச்சு வெச்சாரா?"

பேராசிரியர் காதில் அது விழவில்லை. வரலாறு எழுதுகிறவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களின் குரல் சற்று மந்தமாகத்தான் கேட்கும்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். "வான்சாளரம் நம் பெருமை! அதில் ஒரு விரல் அகலம்கூட அடைபடாது. கீழே பித்தளைப் பலகை வைக்கப்படும்!" என்று முழங்கிவிட்டு, வழக்கம்போலத் தம் தந்தையாரின் தியாகத்துக்குத் தாவினார். சந்தைக்காகக் குதிரையேறி ஊர் ஊராக அலைந்தவர், குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தவர், கடைசிவரை விந்தி விந்தி நடந்தவர். சபை கொட்டாவியை மென்று விழுங்கியது.

கிழங்கு அக்காவுக்கு மட்டும் கொட்டாவி பாதியில் நின்றது. எழுந்தாள்.

"தலைவரே, பலகையில உங்க அப்பா பேரும் வரணும்."

தலைவர் முகம் மலர்ந்தது. "வரட்டும்மா! ஏன்னு நீயே எல்லாருக்கும் சொல்லு."

"அந்த ஓட்டையைப் போட்டதே அவர்தானே! உங்க அம்மா விளக்குமாத்தோட துரத்த, இவர் கூரை மேல ஏறி ஓட, தகரம் உடைஞ்சு பொத்துன்னு என் மாமனாரோட கிழங்குக் குவியல்ல விழுந்தாராம். கால் போனது அப்பத்தான்."

"பொய்! அவர் குதிரையிலேர்ந்து..."

"ஊசி நூல் வித்தவருக்குக் குதிரை எதுக்கு தலைவரே?" என்றான் மீன்காரன்.

"எங்க பெரியப்பா கண்ணால பாத்தாரு," என்றான் கறிக்கடைக்காரன். "எழுந்திரிக்கும்போது ரெண்டு பாக்கெட்லயும் உருளைக்கிழங்காம்."

"ஒத்தைச் செருப்பு இன்னும் மேலதான் கிடக்காம்!" என்றது பின்வரிசை.

பேராசிரியர் பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தார். "அருமையான வாய்மொழிச் சான்று! அப்படியே பலகையில் பொறிச்சிடலாம். விளக்குமாறு நீளமா, கட்டையா?"

தலைவர் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு கம்மிய குரலில், "மக்கள் நலன்தான் முக்கியம். வரலாற்றில் ஓட்டை இருக்கக் கூடாது," என்றார்.

மறுநாள் கிழங்கு அக்கா கடை திறக்க வந்தபோது கூரையில் புதுத் தகரம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைவர்.

அடுத்த மழையில் தகரம் தடதடத்தது. மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, கிழங்கு அக்காவும். மீன்காரன் மெல்ல வந்து பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, நெஜமாவே தலைவரோட அப்பா விழுந்தாரா?"

"யாரோ விழுந்திருப்பாங்க தம்பி. ஓட்டை சும்மாவா வரும்?"

மீன்காரன் தலையைச் சொறிந்தான். அவன் கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து வருஷக்கணக்காகிறது.

"அப்போ என் சாக்கடையில...?"

கிழங்கு அக்கா ஒரு கிழங்கைத் துடைத்துத் தராசில் வைத்தாள்.

"நான் அப்பாவை மட்டும்தான் எடுத்துக்கிட்டேன். தாத்தா அப்படியே இருக்காரு. நீ வெச்சுக்கோ."