ஏழாவது விதியும் குங்குமச் சிமிழும்

வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தரை மணிக்கு வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர்: நானும், எங்கள் பயிற்சி மையத்தின் இயக்குநர் ஜானகிராமன் சாரும். மாணவர்கள் ஏழு பேரையும் காணவில்லை.

வெளிநாட்டு மாணவர்களுக்கான இந்தச் சமூகப்பணி மாலை வகுப்பு அடுத்த பருவத்திலும் வேண்டுமா என்று முடிவு செய்யத்தான் சார் வந்திருந்தார். வேண்டாம் என்றால் எனக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் இந்த நோட்டில் 'இன்று செய்த தவறுகள்' என்று தலைப்புப் போட்டு எழுதி வருகிறேன். இன்றைக்கு ஒரு பக்கம் போதாது என்று அப்போதே தெரிந்தது.

"ஃபரீஹா, பசங்க எங்கம்மா?"

"மூணு மணிக்கு தேங்காய்த்திட்டுல ஒரு மீன்காரம்மா வீட்டுக்குப் பேசப் போனாங்க சார். நாலரைக்கெல்லாம் வந்திருக்கணும்."

"ஃபோன் பண்ணு."

"அணைச்சு வச்சிருப்பாங்க சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பேசறதுக்கான விதிகள்ல நாலாவது."

சார் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, வழி தெரியவில்லை. இரண்டு, வகுப்பு பிடிக்காமல் ஓடிவிட்டார்கள். மூன்று, கடல். மூன்றாவதுக்கு வந்தபோது ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மீன்காரம்மா கன்னியம்மாள் வீட்டு வாசலில் ஏழு ஜோடி செருப்புகள். எனக்கு உயிர் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஏழு பேரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நெற்றியிலும் குங்குமம், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. இத்தாலிக்கார லூக்காவின் இரண்டு கன்னமும்கூடச் சிவப்பு. கென்யாவிலிருந்து வந்த வன்ஜிகு, தன் அத்தை ஏரிக்கரையில் மீன் விற்கும் கதையைக் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாரிஸில் பிறந்த புதுச்சேரிப் பெண் ஜொசியான், தன் பாதித் தமிழில் அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாள் என்னை அடுப்படிக்கு இழுத்தார்.

"டீச்சரம்மா, நல்ல வேள வந்தீங்க. இதுங்க எழுந்திருக்கவே மாட்டேங்குதுங்க! டீ குடுத்தேன், சுண்டல் குடுத்தேன். நாலு மணிக்குக் குங்குமம் நீட்டுனேன். தேங்க்யூ தேங்க்யூன்னு வச்சிக்கினு மறுபடியும் ஒக்காந்துக்கிச்சுங்க. அஞ்சு மணிக்கு நீட்டுனேன். அப்பவும் அதே கத. இப்ப மூணாந்தரம். அந்த ஒட்டடக்குச்சி, ரொம்ப அழகுன்னு கன்னத்துலயும் பூசிக்கினான்!"

"கிளம்புங்கன்னு சொல்லிடலாம்ல அக்கா?"

"வூட்டுக்கு வந்த புள்ளைங்கள எந்த வாயால போன்னு சொல்றது?"

அப்போதுதான் என் ஏழாவது விதி நினைவுக்கு வந்தது. 'பேச்சை முடித்து வைப்பவர் வீட்டுக்காரர். அவர் முடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது.' எப்படி முடிப்பார் என்று நான் எழுதவில்லை. எங்கள் வீட்டில் குங்குமம் கிடையாது. ஆனால் எதிர்வீட்டில் சிமிழ் வெளியே வந்தாலே அம்மா செருப்பைத் தேடுவாள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் என்பதால் அதை எழுதத் தோன்றவே இல்லை.

கூடத்தில் ஜப்பான்காரி ஹருகோ தன் நோட்டை சாரிடம் பணிவாக நீட்டினாள். "சார், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சடங்கு. நேரம் எழுதியிருக்கேன். ஏழு மணிக்கும் உண்டா?"

சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் சிரித்தார். எனக்கு அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

"சரிம்மா, இவ்வளவு நேரம் என்னதான் பேசுனீங்க?" என்று கன்னியம்மாளிடம் கேட்டார்.

"மொதல்ல ஒரு கொறையும் இல்லன்னுதான் சார் சொன்னேன்." கன்னியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ரெண்டாந்தரம் குங்குமம் குடுத்தப்புறந்தான்... சக்கர மாத்திர நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது சார். ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அன்னிக்கு மீன் ஏலம் போச்சு. எங்க வூட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. இதுங்க போவவே மாட்டேங்குதுங்களா, வாயில வந்துடுச்சு!"

"திங்கக்கிழமை நான் லைன்ல நிக்குது," என்றாள் ஜொசியான். "அக்கா ஏலம் முடிச்சு வரும்."

சார் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஃபரீஹா, ஏழாவது விதியில குங்குமத்தப் பத்தி ஒரு வரி சேர்த்துடு. ஆனா சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்லாத. ரெண்டாவது குங்குமம் வரைக்கும் ஒக்காரட்டும். அடுத்த பேட்ச்சுக்கு அச்சடிச்சுடலாம்."

அடுத்த பேட்ச். அடுப்படிக்குப் போய், அடுக்கியிருந்த டம்ளர்களைப் பார்த்து அந்தச் சொல்லை வாய்க்குள் மூன்று முறை சொன்னேன். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, "அடுத்த பேட்ச்சுக்கா சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"ஆமாம்மா, ஆமா!"

கன்னியம்மாள் சிமிழை நான்காவது முறையாக எடுத்துவந்தார். எனக்கு மட்டும் ஒரு முழம் மல்லி. நான் எழுந்தேன். என்னைப் பார்த்து ஏழு பேரும் எழுந்தார்கள். ஜானகிராமன் சார் குங்குமம் வைத்துக்கொண்டு, பாயில் இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அத்தை கதைய முடிக்கலையேம்மா," என்றார் வன்ஜிகுவிடம்.

கன்னியம்மாள் என்னைப் பார்த்தார்.

"சார்," என்றேன், "ஏழாவது விதி."